முப்பத்துநான்காவது மணி

சேசு மரி சூசை துணை

தாழைச்சல்லித் தீவு
15.6.2024

ஈவா மதினிக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், காய்ச்சல் இல்லை. அத்தை முதலில் இதைத்தான் கேட்பார்கள் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். நீ, மாமா, அத்தை எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? ஐந்து வயதில் அம்மா போன பிறகு உங்கள் வீட்டில் உன் கட்டிலோடு ஒட்டிப் போட்ட கட்டிலிலேயே படுத்துப் பழகிவிட்டேன். இங்கே கட்டில் தனியாகக் கிடக்கிறது. முதல் நாள் சுவரோடு ஒட்டிப் படுத்தேன்.

போன் ஏன் போகவில்லை என்று வள்ளக்காரரிடம் மாமா கேட்டார்களாம். காரணம் பாண்டியராஜன் என்று ஒரு பையன். அவன் இருக்கும் இடத்தில் பேட்டரி போட்ட எதுவும் ஓடாது. மூன்று பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் எல்லாம் செத்துப்போய் அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். செல்வதுரை அண்ணாச்சி வள்ளத்தின் எஞ்சின்கூடத் தீவு கண்ணில் பட்டதும் நின்றுவிடுகிறது. அப்புறம் பாய் விரித்துத்தான் வருகிறார். சனிக்கிழமை மட்டும் வருவார். அதனால் கடிதம்தான்.

இந்தத் தீவுப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு பேர். எல்லோரையும் எங்கேயோ யாரோ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ராஹிலா டீச்சர் என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, கடலுக்கடியில் முத்துச்சிப்பி பேசுவது இந்தப் பிள்ளைக்குக் கேட்கும் என்று சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, மதினி. ஒருத்தன் மட்டும் சிப்பி என்ன பேசும் என்று கேட்டான். மணல் உறுத்துகிறது என்று புலம்பும், வேறொன்றும் பெரிதாகப் பேசாது என்றேன். அவன் பாவம் என்றான். சிப்பியைச் சொன்னான்.

என் கட்டிலில் துணி போட்டு வைக்காதே.

ஜெஸ்மி


மில்லர்புரம், தூத்துக்குடி
20.6.2024

ஜெஸ்மிக்கு,

எல்லோரும் சுகம். உன் கட்டிலில் துணி இல்லை, என் புத்தகங்கள்தான் இருக்கின்றன. ஆகவே சந்தோஷமாக இரு.

உன் கடிதத்தை அம்மா நான்கு முறை வாசிக்கச் சொன்னாள். நான்காவது முறை அழுதாள். பிறகு அதை மடித்து மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்பில் நான் முதலாவதாக வந்த மதிப்பெண் சீட்டு மூன்று வாரமாக பிரிட்ஜ் மேல் கிடக்கிறது. மாதாவுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பா துறைமுகத்தில் கிரேனை விட்டு இறங்கினால் உன் கதைதான். கூட வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கே வந்து, சிப்பி பேசுற பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள். நான் கதவைத் திறந்தால் ஓ நீயா என்கிறார்கள்.

அந்த டீச்சர் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க நம் வீட்டுக்கு வந்த நாளை நினைத்துப் பார். சங்கை உன் காதில் வைத்தார், அடுத்து என் காதில் வைத்தார். எனக்கும் கேட்கிறது என்று சொன்னேன். அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டு உன் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குப் பசி என்று நினைத்தார் போலும். அந்த பிஸ்கட்டை நான் தின்னவே இல்லை, காக்காய்க்குப் போட்டேன்.

பெருக்கல் வாய்ப்பாடு ஒழுங்காகச் சொல்லத் தெரியாத உனக்குத் தீவு. எனக்கு டியூஷன். நான் பொறாமைப்படுகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் தப்பில்லை.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்.

ஈவாஞ்சலின்


தாழைச்சல்லி
6.7.2024

ஈவா மதினிக்கு,

எண்ணெய் வைத்துக்கொள்கிறேன். சளி மட்டும் கொஞ்சம், அத்தையிடம் சொல்லாதே. உனக்குக் கண்வலி சரியாகிவிட்டதா?

என் பக்கத்துக் கட்டில் முப்பிடாதிக்கு. ஆறுமுகநேரி உப்பளத்துப் பிள்ளை. ஒரு பொருளைத் தொட்டால் போதும், அதை முன்பு இறுகப் பிடித்திருந்த கை என்ன நினைத்தது என்று சொல்லிவிடுவாள். அவளுடைய பழைய பள்ளியில் யாரும் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்களாம். பெஞ்சைத் தொட்டே இவள் எல்லாவற்றையும் தெரிந்துகொள்வாளே என்று பயம். இப்போது யாரையும் கேட்காமல் எதையும் தொட மாட்டாள். கைகளைப் பாவாடையில் சுற்றி வைத்துக்கொண்டே நடப்பாள்.

உன் கடிதத்தை நானாகத்தான் அவளிடம் நீட்டினேன். தொட்டதும் கையை உதறினாள். "ஏளா, இது சுடுது" என்றாள். வெயிலில் வந்த கடிதம், அதனால் இருக்கும் என்றேன். அவள் கையை மறுபடியும் பாவாடையில் சுற்றிக்கொண்டாள்.

எல்லோரிடமும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறேன். போன மே மாதம் புதுத் துறைமுகக் கடற்கரையில் நான் தண்ணீருக்கடியில் சிப்பிப் பேச்சைக் கேட்டபடி கிடந்தபோது நீ பாறையில் இருந்து என் முடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியதைச் சொன்னேன். முழுச் செபமாலை, ஐம்பது மணியும் நீ உருட்டி முடிக்கும்வரை நான் உள்ளேயே இருந்தேன் என்று நீ ஊரெல்லாம் சொன்னாயே, அதையும் சொன்னேன். ராஹிலா டீச்சர் உன் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார்.

மாதா கோவில் திருவிழாவுக்கு இந்த வருஷம் நான் இல்லை. எனக்கும் சேர்த்து ராட்டினத்தில் ஏறு.

ஜெஸ்மி


மில்லர்புரம்
25.7.2024

ஜெஸ்மிக்கு,

கண் சரியாகிவிட்டது. உன் சளியை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதனால் இந்தப் பொட்டலத்தில் சுக்கும் இருக்கிறது, மக்ரூனும் இருக்கிறது. மக்ரூன் உனக்காக அப்பா வேலை முடிந்து வரிசையில் நின்று வாங்கியது. நான் கேட்டால் பல்லுக்கு ஆகாது என்பார்.

நாளை கொடியேற்றம். சாமியாரின் மறையுரையில் உன் பெயர் வராமல் இருந்தால் சரி.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. போன ஞாயிறு வீட்டில் யாரும் இல்லாதபோது வாளியில் தண்ணீர் பிடித்துத் தலையை முக்கினேன். கையில் செபமாலை. அருள் நிறைந்த மரியே பதினொன்று சொன்னேன், அதற்குள் மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. அரை மணி நேரம் இருமினேன். சிப்பி இல்லாத வாளியில் என்ன கேட்கும் என்று நீ சொல்வாய். என் மூச்சுதான் கேட்டது. அது மூச்சு வேண்டும், மூச்சு வேண்டும் என்று கத்தியது. உனக்கு அது கத்துவதே இல்லை. தண்ணீருக்குள் சிப்பி பேசத் தொடங்கினால் மூச்சு முட்டுவது உனக்குத் தெரியாது. அது எப்படி ஒருத்திக்கு மட்டும் அப்படி அமைகிறது என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. உண்மையைத்தானே எழுத வேண்டும்.

பள்ளியில் கணக்குத் தேர்வில் நூறு. யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

ஈவாஞ்சலின்


தாழைச்சல்லி
10.8.2024

ஈவா மதினிக்கு,

நூற்றுக்கு நூறா! முப்பிடாதியிடம் சொன்னேன், பாண்டியராஜனிடம் சொன்னேன், சமையல்கார அம்மாவிடமும் சொன்னேன். சளி போய்விட்டது. மக்ரூன் ஒரே நாளில் காலி.

இப்போது முக்கியமான விஷயம். அக்டோபர் ஐந்தாம் தேதி சனிக்கிழமை எங்களுக்குக் கடல் சோதனை. அதில் ஜெயித்தவர்கள் மட்டும் அடுத்த வருஷமும் இங்கே இருக்கலாம். நான் செபமாலையில் ஐம்பது மணி உருட்டும் நேரம் உள்ளே இருந்து, சிப்பிகள் எந்தத் திட்டில் கூடியிருக்கின்றன என்று கேட்டு வந்து சொல்ல வேண்டும். ஐம்பது எனக்கு முடியும் என்று நான்தான் டீச்சரிடம் சொன்னேன். ஏற்கெனவே இருந்திருக்கிறேனே.

சங்கு குளிக்கிறவர்களுக்கு மச்சான்தான் கயிறு பிடிப்பான் என்று மாமா சொல்வார்கள் அல்லவா? தங்கச்சி தாலி அறுத்துவிடக் கூடாதே என்று அவன் கண்ணை எடுக்கவே மாட்டானாம். இங்கேயும் அதே முறைதான். பையன் குளித்தால் மச்சான் பிடிக்க வேண்டும், பெண் பிள்ளை குளித்தால் மதினி. எனக்கு இருப்பது ஒரே ஒரு மதினி. நோட்டில் உன் பெயரை எழுதியாகிவிட்டது.

வருவாய்தானே? தீவைப் பார்க்க உனக்கும் ஆசையாக இருக்கும்.

ஜெஸ்மி


மில்லர்புரம்
29.8.2024

ஜெஸ்மிக்கு,

இங்கே சுகம். அங்கேயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். காலாண்டுத் தேர்வு வருகிறது. என்னால் வர முடியாது. கயிற்றை வேறு யாரிடமாவது கொடு.

ஐம்பது எல்லாம் வேண்டாம், முப்பது போதும் என்று டீச்சரிடம் சொல்லிவிடு.

ஈவாஞ்சலின்


தாழைச்சல்லி
7.9.2024

ஈவா மதினிக்கு,

நல்லா இருக்கிறேன். நீ நல்லா இல்லை என்று நினைக்கிறேன். இவ்வளவு சின்னதாக நீ கடிதம் எழுத மாட்டாய்.

காலாண்டுத் தேர்வு செப்டம்பர் 27 முடிந்துவிடும், பாண்டியராஜனின் அக்காளும் பத்தாம் வகுப்புதான். பொய் சொல்வதென்றால் ஒழுங்காகச் சொல். முப்பது போதும் என்று ஏன் எழுதினாய்? நான் கொஞ்சமாகச் செய்ய வேண்டும், கொஞ்சமாக ஜெயிக்க வேண்டும், அப்படித்தானே?

நீ வராவிட்டால் டீச்சரின் அண்ணன் மகள் ஆமிரா மதினி முறைக்கு நின்று பிடிப்பாள். காயல்பட்டினத்தில் இருந்து வருகிறாள். ரொம்ப நல்ல பிள்ளை. என்னை அப்படியே நம்புகிறாள். ஐம்பது முடிகிறவரை கயிற்றைத் தொடவே மாட்டேன், நிம்மதியாகக் கேள் என்று சொல்லியிருக்கிறாள்.

அத்தைக்கு என் முத்தம்.

ஜெஸ்மி


மில்லர்புரம்
19.9.2024

ஜெஸ்மிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் நீ சொன்னதுபோல நான் நல்லா இல்லை. உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஆமிரா கயிற்றைத் தொடவே மாட்டாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் இருந்து என்னால் நகர முடியவில்லை.

மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். நீ பாறைக்குக் கீழே குப்புறக் கிடந்தாய். நாம் சுண்டுவிரல் கோத்திருந்தோம், என் மறுகையில் செபமாலை. மேலே கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் பத்து என்று சத்தமாகச் சொன்னதும் கைதட்டினார்கள். இருபதில் அப்பா சந்தோஷத்தில் கத்தினார். அப்பா எனக்காக அப்படி ஒருநாளும் கத்தியதில்லை. அதற்குமேல் நான் மனதுக்குள்தான் எண்ணினேன். முப்பத்துநான்காவது மணியில் உன் சுண்டுவிரல் துடித்து மடங்கியது. ஒரே ஒரு தரம். அதற்கப்புறம் விரலில் பிடி இல்லை.

எனக்குத் தெரிந்தது, ஜெஸ்மி. உன்னைத் தூக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே தெரிந்தது. நான் தூக்கவில்லை. கொஞ்சம் தோற்கட்டும் என்று நினைத்தேன். இருமிக்கொண்டு, மூக்கு ஒழுக, எல்லோர் முன்னாலும் அசிங்கப்பட்டு எழுந்து வரட்டும் என்று நினைத்தேன். இரண்டு மணி உருட்டினேன். முழுசாக இரண்டு மணி. அதற்குப் பிறகுதான் உன் முடியைப் பிடித்தேன். உன் உதடு நீலமாக இருந்தது. நீ கண் திறக்கும்வரை நான் உயிரோடு இல்லை.

எல்லோரும் என்னைக் காப்பாற்றியவள் என்றார்கள். ஏன் இவ்வளவு நேரம் விட்டாய் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்து, "ஐம்பது முடிந்ததும் தூக்கினேன், அதுவரை அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னேன். அந்த ஐம்பது என் பொய். உன் கணக்கு முப்பத்துநான்கு. முப்பத்தாறில் நீ செத்துப்போக இருந்தாய்.

அம்மாவிடம் சொல்லவில்லை. நீ சொல்ல வேண்டும் என்றால் சொல். டீச்சரிடம் மட்டும் இந்தக் கடிதத்தைக் காட்டு. முப்பிடாதியும் தொட்டுப் பார்க்கட்டும்.

ஈவா


தாழைச்சல்லி
27.9.2024

மதினிக்கு,

சுகம்.

நான் யாரிடமும் காட்டவில்லை, முப்பிடாதி தொடவும் இல்லை. எனக்கு முடியாது என்று நீ முன்பும் நிறைய தடவை சொல்லியிருக்கிறாய். ஐம்பதுதான். இரண்டு மணி உருட்டும்வரை என்னை விட்டது உண்மை என்றால் அதை வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல். ஐந்தாம் தேதி காலையில் வள்ளத்தில் ஏறு. கயிறு உன் கையில்தான்.

ஜெஸ்மி


மில்லர்புரம்
10.10.2024

ஜெஸ்மிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தலைவலி, வாந்தி, காது அடைப்பு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் உடனே டீச்சரிடம் சொல்.

நீ என்னோடு பேசாததால் எழுதுகிறேன். கயிற்றின் ஒரு முனை உன் இடது மணிக்கட்டில், மறுமுனை என் கையில். பத்து, இருபது, முப்பது. வள்ளத்தில் இருந்த எல்லோரும் வாய்விட்டு எண்ணினார்கள். உண்மையைச் சொன்னால் முப்பது ஆகும்போதும் எனக்கு எரிந்தது. வெயிலில் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது, உனக்காக ஒரு தீவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முப்பத்துநான்கில் கயிறு ஒரு தரம் துடித்தது. சுண்டுவிரல் மடங்கிய அதே துடிப்பு. நான் இழுத்துவிட்டேன்.

மேலே வந்ததும் தூக்கத்தில் இருந்து எழுந்தவள்போல் விழித்தாய். இருமலும் இல்லை, நீலமும் இல்லை. பிறகு என்னை முறைத்து, "ஒனக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டாய். நான் துடிப்பைச் சொன்னேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, என் விரல் எனக்குத் தெரியாதா என்றாய். யாருக்கும் அது தெரியவில்லை, என் கையைத் தவிர. ஆமிரா அழுதாள். செல்வதுரை அண்ணாச்சி திரும்பி வரும்போது என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "ஏளா, உண்மையைச் சொல்லு. வயித்தெரிச்சல்லயா இழுத்த?"

மே மாதம் இரண்டு மணி விட்டவளைக் காப்பாற்றியவள் என்று கொண்டாடினார்கள். இப்போது ஒரு மணிகூட விடாதவளிடம் இப்படிக் கேட்கிறார்கள். அம்மாமேல் கோபமில்லை. நான் கேட்டிருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? அனுப்பினால் கட்டிலைக் காலி செய்து வைக்கிறேன்.

பதில் போடு.

ஈவா


தாழைச்சல்லி
16.11.2024

ஈவா மதினிக்கு,

ஐந்து சனிக்கிழமை வள்ளம் வந்து போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் எழுதாமலே விட்டேன். கோபம். இப்போது அதுவும் இல்லை. தலைவலி இல்லை. காது நன்றாகக் கேட்கிறது.

மழை விட்டதும் நேற்று கொட்டகையில் கிடந்த கயிறுகளை வெயிலில் போட்டோம். முப்பிடாதி வழக்கம்போல ஒதுங்கி நின்றாள். நான்தான் அந்தக் கயிற்றைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். தொடு, எவ்வளவு சுடுகிறது என்று பார் என்றேன். எல்லோர் முன்னாலும் கேட்டேன். உன்னை அசிங்கப்படுத்த வேண்டும் என்றுதான்.

அவள் நீ பிடித்த முனையை ரொம்ப நேரம் வைத்திருந்தாள். "ஆரம்பத்துல சுடத்தான் செய்யுது" என்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பிறகு அவள் முகம் மாறியது. "முப்பத்துநாலுல சூடு எங்க போச்சுன்னே தெரியல. வெறும் பயம். ஏளா, இந்தக் கை உன்னைய விட்டுரக் கூடாதுன்னு கெடந்து நடுங்குது."

போதும் என்று கயிற்றை வாங்கப் போனேன். அவள் கொடுக்கவில்லை. என் மணிக்கட்டில் கட்டிய முனையையும் தானாகவே எடுத்துத் தடவினாள். யாரிடமும் கேட்காமல் அவள் ஒன்றைத் தொட்டது நேற்றுதான். தொட்டுவிட்டு அழுதாள்.

"இந்த முனையில முப்பத்துநாலுக்கு அப்புறம் ஆளே இல்ல" என்றாள்.

நான் அப்போதே போய்க்கொண்டிருந்தேன், மதினி. சிப்பிகள் பேசிக்கொண்டிருந்தன, எனக்கு எல்லாம் நன்றாக இருந்தது. ஐம்பது வரை விட்டிருந்தால் ஆமிரா நல்ல மனதோடு என் பிணத்தைத்தான் இழுத்திருப்பாள்.

உன் செப்டம்பர் கடிதத்தை டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். அவர் முழுசாக வாசித்துவிட்டு நோட்டைத் திறந்து ஐம்பதை அடித்தார். எனக்கு மார்ச் மாதம் மறுபடி சோதனை வைத்திருக்கிறார். முப்பதுதான், அதற்குமேல் ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டு மணியை நான் மன்னித்துவிட்டேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியும்போது எழுதுகிறேன். கயிறு யார் பிடிப்பது என்று டீச்சர் கேட்டார். நீ என்ன சொல்கிறாய் என்று தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்றேன்.

அத்தையிடம் இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசி. நான்கு முறை.

ஜெஸ்மி


மில்லர்புரம்
21.11.2024

ஜெஸ்மிக்கு,

எல்லோரும் சுகம். ஒரு முறைதான் வாசித்தேன், இரண்டாவது முறை வாசிக்க அம்மா விடவில்லை. கடிதத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு என் தலையைத் தடவினாள். மே மாதக் கதையையும் நானே சொல்லிவிட்டேன். அப்பா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று காலை என் தட்டில் அவர் பங்கு மீனையும் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

மன்னிப்பை அவசரப்பட்டு எழுதாதே. நான் காத்திருக்கிறேன்.

ஆனால் நான் திருந்திவிட்டேன் என்று முப்பிடாதியிடம் சொல்லிவிடாதே, இந்தக் கடிதத்தைத் தொட்டாலே அவளுக்குத் தெரிந்துவிடும். சிப்பி உனக்குப் பேசுகிறது, எனக்குப் பேசவில்லை. நினைத்தால் இப்போதும் எரிகிறது. நேற்றுகூட வாளியில் தலையை முக்கினேன், பதின்மூன்று. நீ முப்பது மணியும் உள்ளே இருந்து ஜெயித்து வந்தால் மறுபடியும் எரியும், மறுபடியும் உனக்கு எழுதுவேன்.

மார்ச் மாதம் வருகிறேன். உன்னை நம்புகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் கைதட்டட்டும். கயிற்றை மட்டும் வேறு யார் கையிலும் கொடுத்துவிடாதே.

உன் மதினி,
ஈவா